நாய்க்கும் பெயர் பொறித்த கல்

நாங்கள் வேலூரில் படித்த காலத்தில், அருங்காட்சியகப் புத்தகங்கள் என்று சில உண்டு என்பதையே வரலாறு சார் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அவர் வீட்டு அலமாரியில் அவை இருந்தன. கை கழுவிவிட்டு வந்தால்தான் தொட விடுவார்.

ஆந்திரத்து அமராவதியின் பௌத்தத் தூபிச் சிற்பங்களைப் பற்றி சி. சிவராமமூர்த்தி எழுதி, சென்னை அருங்காட்சியகம் 1942இல் வெளியிட்ட நூல் அவற்றில் ஒன்று. ஆங்கிலம் எங்களுக்குப் பாதிதான் புரியும். ஆனால் அதிலிருந்த கோட்டோவியங்கள்! தலைப்பாகை, நகை, யாழ், கட்டில் என்று சிற்பக் கூட்டத்துக்குள் மறைந்துகிடப்பதையெல்லாம் தனித்தனியே எடுத்து வரைந்திருப்பார்கள். அதைப் பார்த்த பிறகு புகைப்படத்துக்குத் திரும்பினால், முதலில் கண்ணில் படாத யாழ் பளிச்சென்று தெரியும்.

எனக்கு இன்னும் நெருக்கமானது, இறந்த வீரர்களுக்கு நட்ட நினைவுக் கற்களைப் பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’. செங்கம் அப்போது எங்கள் வடார்க்காடு மாவட்டத்தில்தானே இருந்தது! அந்தப் பக்கத்து எடுத்தனூர்க் கல்லைப் பற்றிச் சொல்லும்போது சாரின் குரலே மாறிவிடும். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் அது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்கு நட்டது. வீரனோடு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் தனியே எழுத்து உண்டு: கோவிவன் என்னும் அந்த நாய், இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றதாம். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது! எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது.

இந்தக் கற்களில் உள்ள வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தைப் புகைப்படத்தில் படிப்பது கடினம். அதற்குத்தான் மைப்படி. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்குவார்கள். அப்புறம் மை ஒற்றினால் சுற்றிலும் கறுத்து, எழுத்து மட்டும் வெள்ளையாக எழும்பி நிற்கும்.

படத்துக்குக் கீழே இருப்பதை முதலில் படிக்கச் சொல்வார் சார். எந்த ஊர், என்ன கல், எவ்வளவு உயரம், எந்தக் காலம். அந்தப் பழக்கம் லண்டன் வந்த பிறகும் விடவில்லை. இங்கே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் அமராவதிச் சிற்பங்கள் உண்டு. 1859இல் கப்பலேறி வந்தவை. கடைகளில் விற்கும் வழவழப்பான கலைப் புத்தகங்கள் பலவற்றில் கறுப்புப் பின்னணியில் ஒரு முகம் மட்டும் பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கும். ஊர்ப்பெயரைக் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் தேட வேண்டும். அழகுதான், சரி. ஆனால் அந்தக் கல் எந்த ஏரிக்கரையில், யாருக்காக நின்றது என்று சொல்லாத புத்தகத்தை என்னால் நல்ல புத்தகம் என்று ஏற்க முடியவில்லை.

நம் பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நம் பள்ளிக்கு அனுப்பும் நூலக நிதியில் ஒரு பங்கை இத்தகைய நூல்களுக்கு, அதுவும் தமிழில் வந்தவற்றுக்கு, ஒதுக்குவோம். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை நோட்டும் பென்சிலுமாக அழைத்துப்போகச் சொல்வோம். ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களையும் அவர்கள் வரையட்டும். முதல் ஆண்டுச் செலவில் என் பங்கைப் பொருளாளரிடம் இப்போதே கொடுத்துவிட்டேன்.