மூக்குச் சதை என்று கிள்ளப் பார்த்தார்கள்

பையனுக்கு 2 வயது. பிறந்ததிலிருந்தே இடது மூக்கு அடைப்பு, வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவான். மார்த்தாண்டம் பக்கம் ஒரு கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மூக்குச் சதைதான், அடுத்த வாரம் கிள்ளி எடுத்துவிடலாம்" என்றார்கள். ஸ்கேன் வேண்டாமா என்று என் மனைவி கேட்டதற்கு, இதற்கெல்லாம் எதற்கு வீண் செலவு என்று பதில். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு மூக்குச் சதை வருவதே அபூர்வம், அதுவும் ஒரு பக்கம் மட்டும்!

அந்த மூக்கில் தண்ணீர் மாதிரி தெளிவாக ஒழுகும், அழுதால் உள்ளே இருக்கும் கட்டி பெரிதாகும். மனைவி இதைச் சொன்னதுமே திருவனந்தபுரத்து இ.என்.டி. டாக்டர், "யாரும் இதைத் தொடக்கூடாது, முதலில் ஸ்கேன்" என்றார். பிறகு ஸ்கேனில்தான் தெரிந்தது: மூக்கின் கூரையில், அதாவது மண்டையோட்டின் அடிப்பகுதியில் பிறவியிலேயே ஓட்டை, அதன் வழியாக மூளையின் உறையும் கொஞ்சம் மூளைத் திசுவும் மூக்குக்குள் இறங்கியிருந்தது. என்செபலோசீல் என்கிறார்கள். கிள்ளியிருந்தால் மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிந்து மூளைக்காய்ச்சல் வரை போயிருக்கலாம்.

எலும்புக்கு சி.டி. ஸ்கேன், உள்ளே இறங்கியிருப்பது என்னவென்று பார்க்க எம்.ஆர்.ஐ., இரண்டும் வேண்டும். எம்.ஆர்.ஐ.யில்தான் அலைச்சல். அசையாமல் படுக்க மயக்கம் கொடுக்க வேண்டும், அதற்கு வெறும் வயிறு. பசியில் கதறும் பிள்ளையோடு களியக்காவிளை நெரிசலைத் தாண்டிப் போனால், நெஞ்சில் சளி இருக்கிறது, மயக்கம் தர முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். சளி இருந்தால் வரவேண்டாம் என்று போனிலேயே சொல்லியிருக்கலாமே! நீங்கள் கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். அப்புறம் ஸ்கேன் எடுத்தும் ஃபிலிம் மட்டும் தந்தார்கள், படங்கள் பதிந்த குறுந்தட்டு கேட்டால் கவுண்டரில் முகம் கொடுத்தே பேசவில்லை. ஆபரேஷன் செய்பவருக்குத் தட்டுதான் முக்கியம், ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிது என்று ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்ப்பார். வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.

ஆபரேஷன் மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப்பில் முடிந்தது, முகத்தில் வெட்டு இல்லை. முதல் இரவு வாயை மூடித் தூங்கினான், நாங்கள் இருவரும் தூங்கவில்லை, அவன் மூச்சு விடுவதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

உங்கள் பிள்ளைக்கும் இதே பிரச்சினை என்றால் இதை மறக்காதீர்கள். வேறு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மூக்கு வழியாகக் குழாய் போடக்கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள், ஃபைலின் மேலேயும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். காய்ச்சலோடு வாந்தியோ, மூக்கில் தண்ணீரோ வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே கிளம்புங்கள்.