மஞ்சள் கோடு

நண்பர் வேலை பார்க்கும் தனியார் நிறுவனத்தில் அவரை விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். மேசை மேல் ஒரு தாள். நிறுவனத்தைக் குறைசொல்லி அவர் இணையத்தில் எழுதிய பதிவின் அச்சுப்படி. இரண்டு வரிகளின் கீழ் மஞ்சள் கோடு. துணைக்குப் போயிருந்த நானும் பார்த்தேன்.

பதிவிட்ட நேரம் இரவு 10.47, வேலை முடிந்த பிறகு. அதன் கீழ் யாரும் கோடு போடவில்லை.

1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைப் போன்ற ஒரு வழக்கைத் தீர்த்தது. பள்ளி நிர்வாகம் பணம் செலவிட்ட விதத்தைக் கண்டித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய ஆசிரியர் மார்வின் பிக்கரிங்கை வேலையிலிருந்து நீக்கியது தவறு என்றது. ஆனால் அவர் அரசுப் பள்ளி ஆசிரியர். பேச்சுரிமைக்கான அந்த அரசியல் சட்டப் பாதுகாப்பு தனியார் நிறுவன வாசலோடு நின்றுவிடுகிறது.

தொழில் ரகசியத்தை வெளியிட்டால் தண்டியுங்கள், ஒப்புக்கொள்கிறேன். நண்பர் எழுதியதோ, பாதுகாப்புக் கவசங்கள் போதவில்லை என்பதைத்தான்!

மாலையில் பதிவை நீக்கிவிட்டார்.

கவசங்கள் இன்னும் வரவில்லை.