காணி கேட்கவில்லை, வழி கேட்டோம்

மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் ஒட்டுசுட்டானைத் தாண்டித் தெற்கே இறங்கும் வண்டில் பாதை ஒன்று, காட்டுக்குள்ளால் போய் எங்கள் சிறுகுளத்தின் அணைக்கட்டில் ஏறுகிறது. அந்தப் பாதை இப்போது பிரதேச சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறது. அதை அங்கே ஏற்றுவதற்கு எந்தெந்தக் கதவைத் தட்டினோம், எது கை கொடுத்தது, எது வீணாகப் போனது என்பதை எழுதிவைக்கிறேன். வன்னியில் இதே நிலையில் கிடக்கும் பாதைகள் ஏராளம். அவற்றுக்காக அலைகிறவர்களுக்கு இது உதவ வேண்டும்.

பாலையும் வீரையும் முதிரையும் நெருங்கி நிற்கும் காடு அது. பாதி வழியில் மழைக்கு மட்டும் ஓடும் ஓர் ஆறு. ஆற்றைக் கடந்தால் குளம், கட்டில் ஐயனார், கீழே வயல், குளத்து நீரின் மேல்கரையான அலைகரைக்கு அப்பால் மாட்டுப் பட்டிகள். எங்கள் பாட்டன்மார் நெல்மூட்டையை மாட்டுவண்டிலில் ஏற்றிவந்த பாதை. 2008இன் கடைசியில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. மீள்குடியேறி வந்தபோது பாதை இருந்த இடத்தில் பற்றைதான் இருந்தது. மிதிவெடி அகற்றி முடிந்த பிறகு உழவு இயந்திரங்கள் மெல்ல மெல்லப் போகத் தொடங்கின. சில்லுத் தடம் விழுந்தது, பாதை பழையபடி கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரு வைகாசியில் போனபோது, பாதை தொடங்கும் இடத்தில் மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தால் குறுக்கே அகழி வெட்டி, இரு புறமும் எல்லைக் கல் நட்டிருந்தார்கள். காட்டுக்குப் பொறுப்பான வனத் திணைக்களத்தின் வேலை. காரணமும் இருந்தது. இரவில் முதிரை மரம் வெட்டி ஏற்றுகிறவர்களும், ஆற்று மணல் அள்ளுகிறவர்களும் அந்த வழியால்தான் போனார்கள். அதை நான் மறுக்கமாட்டேன். வெட்டிய அடிக்கட்டைகளை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். ஆனால் கள்ளர்கள் வேறு வழி திறந்துகொண்டார்கள். வழியில்லாமல் நின்றவர்கள் வயல்காரரும் பட்டிக்காரரும்தான்.

அவர்கள் வாய் திறக்கவும் அஞ்சினார்கள். 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் காடு பேணல் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றவாளி என்று தீர்ப்பானால் தண்டப்பணத்தோடு முடியாது. குற்றத்துக்குப் பயன்பட்ட வாகனத்தையும் அரசு பறிமுதல் செய்யலாம். லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரத்துக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் அகழிக்கு அப்பால் சில்லை வைப்பாரா?

எங்கள் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ஜீப்பும் டபிள் கப்பும் வைத்திருக்கும் சிலர் நாங்கள். நாலு சில்லும் இழுக்கும் வாகனத்தில் காட்டு வழி ஓடுவதில் ஆசை உள்ளவர்கள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது, சமைத்த சாப்பாட்டையும் குடிதண்ணீரையும் ஏற்றிக்கொண்டு ஓடியதில்தான் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டோம். மற்ற வாகனங்கள் போக முடியாத இடத்துக்கு எங்கள் வாகனங்கள் போயின. அதன் பிறகு காட்டுப் பாதைகளில் விழுந்த மரம் அறுப்பது, பள்ளத்துக்குக் கல் போடுவது என்று கூடிக்கொண்டோம்.

பாதை அடைபட்டதும் எங்களில் சிலருக்கு, “ஜீப் ஓட்டத்துக்கு இடம் தாருங்கள்” என்று மனுக் கொடுக்கும் எண்ணம் இருந்தது. அலைகரையில் பட்டி வைத்திருக்கும் ஒரு முதியவர் சொன்ன வார்த்தை அதை மாற்றியது. “தம்பி, உங்களுக்கு இது ஓட்டம். எனக்கு இது பால்.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. அன்றே முடிவெடுத்தோம்: மனு கமக்காரர் அமைப்பின் பெயரில் போகும், பட்டிக்காரரும் மாதர் சங்கமும் கையெழுத்து வைப்பார்கள், நாங்கள் ஓடித் திரியும் வேலையைச் செய்வோம். வாகனம், நேரம், எழுத்து வேலை மூன்றும் எங்கள் பங்கு. காட்டு வழி ஓட்டம் பழகியவர்கள் பாதை உரிமை கேட்பதானால் இப்படித்தான் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பாதையில் பிழைப்பு உள்ளவன் முன்னால் நிற்க வேண்டும்.

கிராம அலுவலர்தான் முதல் படி. அவர் நல்ல மனிதர், நேராகச் சொன்னார்: “அண்ணை, பாதை இருந்தது எனக்கும் தெரியும். என் தகப்பனும் அதால்தான் வயலுக்குப் போனவர். ஆனால் தாளில் இல்லாத பாதைக்கு நான் எதைப் பார்த்துக் கையெழுத்து வைப்பது?” பிரதேச செயலகத்தில் காணிக் கிளையிலும் அதே பேச்சு. ஆக, தாள் தேட வேண்டும்.

நாலு இடத்தில் தேடினோம். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடம், அதாவது மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைந்தது, பெரிய உதவி. எங்கள் பகுதித் தாளை விரித்துப் பார்த்தபோது, குளத்தின் நீல நிறத்திலிருந்து புறப்பட்டு, ஆற்றை வெட்டி, பெருந்தெருவில் போய்ச் சேரும் முறிகோடு ஒன்று தெளிவாக இருந்தது. தாளின் ஓரத்தில் உள்ள விளக்கத்தில் அந்தக் கோடு வண்டிப் பாதையைக் குறித்தது. எங்களோடு வந்த கமக்காரர் அமைப்பின் செயலாளர் விரலை அந்தக் கோட்டின் மேல் வைத்துக் குளம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். ஆற்றைக் கடக்கும் இடத்தில் விரல் நின்றது. “இதில்தான் மதகு. கல் இன்னும் கிடக்க வேண்டும்” என்றார்.

இரண்டாவது, கமநல சேவை நிலையம். 200 ஏக்கர் வரைக்கும் நீர் பாய்ச்சும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருப்பதால், எங்கள் குளத்தின் ஆவணக் கோவை அங்கே இருந்தது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வயலுக்கு நீர் விடும் துருசும் மிகுநீர் வழியும் வானும் திருத்திய வேலையின் மதிப்பீட்டில், பொருள் ஏற்றிப் போகும் பாதையைத் துப்புரவாக்கவும் ஒரு வரி எழுதியிருந்தது. அரச பணத்தில் துப்புரவாக்கிய பாதையை இல்லாத பாதை என்று எவரும் சொல்ல முடியாது. மூன்றாவது, மிதிவெடி அகற்றி ஒப்படைத்த பத்திரத்தின் பிரதி. நாலாவது, ஊரில் வயது முதிர்ந்தவர்கள் சமாதான நீதவான் முன்னிலையில் கொடுத்த சத்தியக் கடதாசிகள். எந்த மரத்தடியில் வண்டில் அவிழ்த்தார்கள், எங்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள் என்பதுவரை எழுதுவித்தோம். பொதுவாக “நெடுங்காலமாகப் பாவித்தோம்” என்று எழுதும் கடதாசிக்கு ஒரு பெறுமதியும் இல்லை.

இனித் தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். நம்மவர்கள் இதைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு உள்ள பெரிய வருத்தம். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டாலும் தகவல் அலுவலர் அதை எழுத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். பதிலில் குறை இருந்தால் 14 நாளுக்குள் அதே திணைக்களத்தில் உள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அவரிடமும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம்.

நாங்கள் கேட்டவை மூன்றே கேள்விகள். இந்தக் காடு ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டதா, ஆமெனில் இலக்கமும் திகதியும் என்ன? எல்லைக் கல் நட்டதற்கான வரைபடத்தின் பிரதி கிடைக்குமா? பாதையை மூடும்படி எழுத்தில் கட்டளை உண்டா? “ஏன் மூடினீர்கள்” என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் வருவது கருத்து. கோவையில் உள்ள ஆவணத்தைக் கேட்டால்தான் ஆவணம் வரும். முதல் பதில் இரண்டு வரியில் வந்தது, வரைபடம் இல்லை. மேன்முறையீடு செய்த பிறகு அதுவும் வந்தது. ஒதுக்கக் காடாகப் பிரகடனம் செய்யப்படவில்லை, ‘ஏனைய அரச காடு’ என்ற வகையில் உள்ளது என்று எழுத்தில் கிடைத்தது. மூடும்படியான கட்டளையின் பிரதி எதுவும் வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு பிரிவழி வந்தது. ஏனைய அரச காடுகளை 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை வனத்துறையின் பொறுப்பில் வைத்திருந்தது. 2020 கார்த்திகையில் வந்த சுற்றறிக்கை அதை நீக்கி, அந்தக் காணிகளைப் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரத்தை மாவட்டச் செயலாளரிடமும் பிரதேச செயலாளரிடமும் கொடுத்தது. சூழல் அமைப்புகள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. எங்களுக்கு ஆலோசனை சொன்ன சிலர், “இதைப் பிடித்துக்கொண்டு காட்டையே விடுவிக்கச் சொல்லுங்கள்” என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை, ஊரும் சம்மதிக்கவில்லை. காட்டை விடுவித்தால் முதலில் வருவது பெக்கோவும் ஏக்கர் கணக்கில் காணி கேட்கும் பெரிய கைகளும். எங்களுக்குக் காணி வேண்டாம், வழி போதும். அந்த வசனத்தை மனுவின் முதல் வரியாக எழுதினோம். அதன் பிறகு அதிகாரிகளின் முகமே மாறியதை நான் கண்டேன். காணி கேட்டு வருகிறவர்களுக்குத்தான் அவர்களிடம் ஆயத்தமான மறுப்பு இருந்தது.

அத்தோடு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தையும் காட்டினோம். விவசாயப் பாதையைப் பயன்படுத்தும் உரிமைக்கு இடையூறு வந்தால் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்திடம் முறையிட அதில் இடமிருக்கிறது. முறைப்பாடு செய்யும் அளவுக்குப் போகவில்லை. கையில் இருக்கிறது என்று தெரிந்ததே போதுமாக இருந்தது.

களப் பார்வைக்குத் திணைக்கள உத்தியோகத்தர், நில அளவையாளர், கிராம அலுவலர் எல்லோரும் வந்தார்கள். எங்கள் ஜீப்பில் ஏற்றிப் போவதாக இருந்தோம், அகழி குறுக்கே கிடந்ததால் நடந்தே போனோம். நல்லதாகப் போயிற்று. நடந்தால்தான் பாதை தெரியும். ஆற்றங்கரையில் உயிலங்கொடியை வெட்டி விலக்கியபோது, செதுக்கிய கருங்கல் மதகு வெளிப்பட்டது. மேற்பலகைக் கல்லில் வண்டில் சில்லு தேய்த்த இரண்டு வரி. அளவையாளர் குந்தியிருந்து நாடாவை வைத்து இரண்டுக்கும் இடையில் அளந்து, தன் புத்தகத்தில் எழுதினார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. திணைக்கள உத்தியோகத்தர்தான் கேட்டார்: “பாதையைத் திறந்தால் மரக் கள்ளருக்கு யார் பொறுப்பு?”

அந்தக் கேள்விக்கு எங்களிடம் எழுத்தில் பதில் இருந்தது. இந்த வேலையில் நான் அதிகம் பாடுபட்டது அதற்குத்தான். அகழிக்குப் பதில் இரும்புக் குழாய்த் தடை. பூட்டின் ஒரு திறப்பு திணைக்களத்திடம், ஒன்று கமக்காரர் அமைப்பிடம். பொழுதுபட்டால் தடை விழும். யானை நடமாடும் நேரமும் அதுதான், களவு மரம் ஏற்றும் நேரமும் அதுதான். உள்ளே போகும் வாகன இலக்கம் கொப்பியில் பதியப்படும். டிப்பர் போகக் கூடாது. வயலுக்கு இரும்புச் சில்லு பூட்டிய உழவு இயந்திரம் அப்படியே பாதையில் ஓடக் கூடாது, கழற்றி ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

எங்களைப் போன்றவர்களுக்கான நிபந்தனைகளை நாங்களே கடுமையாக எழுதினோம். ஐப்பசி தொடங்கித் தை முடியும்வரை பொழுதுபோக்கு வாகனம் ஒன்றும் வராது. மாரி நெற்செய்கையான காலபோகத்தில் வயல்காரரும் பட்டிக்காரரும் நோயாளியும் மட்டும். களிமண் நனைந்திருக்கும்போது ஒரு கனத்த ஜீப் போட்ட தடத்தை, அதற்குப் பின் வரும் லான்ட்மாஸ்டர் என்ற இரு சில்லு உழவு இயந்திரம் தாண்ட முடியாது. பள்ளத்தில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போகக் கூடாது, நடுவால் போக வேண்டும், முடியாவிட்டால் திரும்ப வேண்டும். சுற்றிச் சுற்றிப் போவதால்தான் பன்னிரண்டு அடிப் பாதை முப்பது அடியாகி, ஓரத்து இளம் பாலைக் கன்றுகள் நசுங்குகின்றன. புதைந்த வாகனத்தை இழுக்க வின்ச் கட்டுவதானால் அகலப் பட்டி சுற்றித்தான் மரத்தில் கட்ட வேண்டும், வெறும் கம்பி பட்டையை அறுத்துவிடும். எங்கள் குழுவில் இரண்டு பேர் இதைக் கேட்டு விலகிப் போனார்கள். போகட்டும்.

பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் விடயம் சில நிமிடத்தில் முடிந்தது. தாள்கள் எல்லாம் முன்கூட்டியே எல்லோர் கையிலும் இருந்தன, பேச அதிகம் இருக்கவில்லை. திணைக்களம் எழுத்தில் சம்மதம் கொடுத்தது. பிரதேச சபை தீர்மானம் எடுத்து, ஆட்சேபம் கேட்டு அறிவித்தல் ஒட்டி, பதிவேட்டில் ஏற்றியது. பெருந்தெருவிலிருந்து குளக்கட்டுவரை, அகலம் பன்னிரண்டு அடி. அகழி மூடப்பட்டது.

கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. அலைகரையிலிருந்து மேய்ச்சல் தரைக்குப் போகும் கடைசித் துண்டு விடுபட்டுவிட்டது. அது பழைய வரைபடத்தில் ஒற்றையடிப் பாதையாகத்தான் இருக்கிறது என்று சொன்னார்கள். பட்டிக்காரர் பால் கேனைத் தலையில் வைத்துக் குளக்கட்டுவரை நடந்துவந்துதான் மோட்டார் சைக்கிளில் ஏற்றுகிறார். இது எனக்கு உறுத்துகிறது. அந்தத் துண்டுக்காக மேய்ச்சல் தரையைப் பற்றிய கோவையைத் தேடித் தகவல் உரிமை விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். கால்நடைத் திணைக்களத்தின் பழைய தடுப்பூசிப் பதிவுகளில் பட்டி இருந்த இடம் எழுதப்பட்டிருக்கும் என்று ஒரு மிருக வைத்தியர் சொன்னார், அதையும் கேட்டிருக்கிறோம்.

தடையின் திறப்பு சனசமூக நிலையத்தில் இருக்கிறது. மாசி பிறந்த பிறகு ஜீப்போடு வருகிறவர்கள் அங்கே பெயர் பதிந்துவிட்டு வாருங்கள். மண்வெட்டியும் இரண்டு வெற்று உரப் பையும் வாகனத்தில் இருக்கட்டும். மதகுக்கு இந்தப் பக்கம் மாரி அரித்த இடத்துக்குக் கிரவல் போட வேண்டியிருக்கிறது.