ஓடிப்போய்ச் சாப்பிட்டது, திரும்பிவந்து சமைத்தது

ஆடி மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் வீட்டுக்குள்ளும் போகாமல் தெருவிலும் இறங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். "வெளிச்சாப்பாட்டைக் குறைங்க, தினமும் நடங்க" என்றார் மருத்துவர். இரண்டாவதற்குத் தலையாட்டினேன். முதலாவதற்கு மனசு வரவில்லை. சென்னையில் இருந்துகொண்டு வெளியில் சாப்பிடாதே என்றால் எப்படி?

வீட்டில் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். வெளியில் சாப்பிடலாம், வாரத்துக்கு ஒரு முறை. ஆனால் கடைக்கு ஓடித்தான் போக வேண்டும். சாப்பிட்டதை அந்த வாரத்துக்குள் வீட்டில் செய்து பார்க்க வேண்டும். "அடுப்பை நீங்கதான் துடைக்கணும்" என்பது மனைவி சேர்த்த மூன்றாவது விதி. மற்ற இரண்டையும் நான் சிலமுறை மீறியிருக்கிறேன். மூன்றாவதை மீற வழியே இல்லை.

முதல் வாரம், கூழ். ராயப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து ராதாகிருஷ்ணன் சாலை வழியாக மெரினா கடற்கரைக் காந்தி சிலைக்கு இரண்டரை கிலோமீட்டர். ஓடினேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 24 நிமிடம் ஆனது. மூச்சு இரைக்கத் திரும்பிவரும் வழியில், ஒரு தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ். சின்ன வெங்காயம், மோர்மிளகாய், ஒரு கிண்ணத்தில் கருவாட்டுத் தொக்கு. நின்றபடியே மடமடவென்று குடித்த என்னைப் பார்த்து வண்டிக்கார அக்கா, "இன்னாத்துக்கு தம்பி இப்டி மூச்சு வாங்குது? குந்திகினு குடி" என்றார். குந்தினேன். அந்தச் சொம்புக்குப் பிறகு மதியம் வரை பசிக்கவில்லை.

வீட்டில் செய்தபோது முதல் தடவை கேழ்வரகு மாவை அப்போதே கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிவிட்டேன். பசை வந்தது. சுவரொட்டி ஒட்டலாம் போல. அம்மாவுக்குப் போன் போட்டேன். "ராத்திரியே கரைச்சு வச்சியாடா?" அதுதான் விஷயம். மாவை முந்தின நாள் மாலையே தண்ணீரில் கரைத்து மூடி வைத்தால், சென்னைப் புழுக்கத்தில் காலைக்குள் புளித்துவிடும். நொய்யரிசியை நிறையத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, பாதி வெந்ததும் புளித்த மாவை ஊற்றி, கை எடுக்காமல் கிளற வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். பிறகு அதை ஆறவைத்து, மறுநாள் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்தால்தான் கூழ். ஆக, இன்றைக்குக் குடிக்க வேண்டுமென்றால் முந்தாநாளே யோசித்திருக்க வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்பதையெல்லாம் பிறகுதான் படித்தேன். எனக்குப் பிடித்தது அந்தப் புளிப்பு.

அடுத்த சில வாரங்களில் எழுத அதிகமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சுண்டல். குக்கரில் வைத்த பட்டாணி மூன்று விசிலில் கூழாகிவிட்டது. ஒருநாள் இரவு பத்து மணிக்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். ராணி மேரி கல்லூரி எதிரே கிராம்பு வாசனையோடு ஓர் ஏப்பம் வந்து என்னை நிறுத்தியது. அன்றைக்கு ஓட்டம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு, மறுநாள் ஓட வேண்டும் என்றால் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள், இட்லியோ ரசம் சாதமோதான். இது எந்த மருத்துவர் சொல்லியும் நடக்காத மாற்றம்.

ஆவணியில் ஒரு சின்னச் சோதனை செய்தேன். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன், நடுவில் தண்ணீர் குடிக்கவில்லை. 50 நிமிடத்தில் ஒரு கிலோ நூறு கிராம் குறைந்திருந்தது. கொழுப்பு கரைந்தது என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை, ஏறக்குறைய அத்தனையும் வேர்வை. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் வேர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கிறது. ஆவியானால்தான் உடம்பு குளிரும். குளிராததால் இதயம் அதிகம் அடித்துக்கொள்கிறது. அதே வேகம், அதே தூரம், ஆனால் புழுக்கமான நாளில் மூச்சு வேறு மாதிரி வாங்குகிறது. நான் சோம்பேறியாகிவிட்டேன் என்று நினைத்த பல நாட்கள் வெறும் புழுக்கமான நாட்கள். அதிலிருந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, தண்ணீரில் ஊறிய பழைய சோற்றைப் பிசைந்து, மோர் விட்டு, கல்லுப்பு போட்டுக் குடிப்பது. போன உப்பும் தண்ணீரும் ஒரே சொம்பில் திரும்பி வந்துவிடுகின்றன. தொட்டுக்கொள்ள மாவடு.

இனி வடகறி, அதாவது கடலைப்பருப்பு வடையை உதிர்த்துப் போட்ட மசாலாக் குழம்பு. இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வடகறி என்றால் சைதாப்பேட்டை. அண்ணா சாலை வழியாக அங்கே சுமார் ஆறு கிலோமீட்டர். புரட்டாசி இரண்டாம் ஞாயிறு, நிற்காமல் ஓட முடிந்த முதல் ஆறு கிலோமீட்டர் அதுதான், 47 நிமிடம். இரண்டு தெருநாய்கள் கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்து வேகத்துக்கு உதவின. போய்ச் சேர்ந்து இட்லியும் வடகறியும் சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பினேன். (திரும்பியும் ஓட வேண்டும் என்று விதியில் இல்லை.)

புதன்கிழமை முதல் முயற்சி. ஒரு டம்ளர் கடலைப்பருப்பை இரண்டு மணிநேரம் ஊறவைத்து, சோம்பும் காய்ந்த மிளகாயும் சேர்த்து மிக்சியில் அரைத்தேன். கொஞ்சம் கவனம் பிசகி நைசாகிவிட்டது. எண்ணெய் மிச்சம் பிடிக்கலாம் என்று இட்லித்தட்டில் வேகவைத்து, உதிர்த்து, குழம்பில் போட்டேன். பத்து நிமிடத்தில் குழம்பு காணாமல் போய்க் களி உட்கார்ந்திருந்தது. பையன் கரண்டியை அதில் நட்டுப் பார்த்தான். நின்றது.

அடுத்த வாரம் கொரகொரப்பாக, ஒன்றிரண்டு பருப்பு முழுசாகத் தெரிகிற மாதிரி அரைத்து வேகவைத்தேன். களியாகவில்லை, ஆனால் சப்பென்று இருந்தது. மூன்றாவது வாரம் வடையாகவே தட்டி எண்ணெயில் பொரித்து, சுடச்சுட உதிர்த்துப் போட்டேன். வாசனை வந்துவிட்டது. ஆனாலும் துண்டுகள் சீக்கிரம் கரைந்து கூழாகின.

நான்காவது முறை நான் எதுவும் யோசிக்கவில்லை. சனிக்கிழமை மாலை மழைக்கு மசால்வடை போட்டோம். மிஞ்சியவை மூடாமல் தட்டிலேயே கிடந்தன. காலையில் ஓடிவிட்டு வந்து பார்த்தால் வடைகள் வறண்டு விறைத்திருந்தன. எறிய மனமில்லாமல் உடைத்துக் குழம்பில் போட்டேன். சைதாப்பேட்டையில் சாப்பிட்டதற்கு அதுவரை வந்ததிலேயே கிட்டே வந்தது அதுதான். முதல்நாள் மிஞ்சிய வடையைக் காலையில் கறியாக்கத்தானே ஓட்டல்காரர்கள் இதைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள்! காய்ந்த வடை குழம்பை உறிஞ்சிக்கொள்கிறது, ஆனால் உருவம் விடுவதில்லை. நான் மூன்று வாரமாகப் புதுவடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

குழம்புக்கு நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு: எண்ணெயில் பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை, சோம்பு தாளித்து, இரண்டு பெரிய வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தக்காளி வதக்கி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள் போட்டு, தேவை என்று தோன்றுவதைவிட இரண்டு டம்ளர் தண்ணீர் கூட விடுவது. கொதி வந்து பச்சை வாசனை போன பிறகுதான் வடை. ஐந்து நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். மேலே கொத்தமல்லி, கொஞ்சம் புதினா. தேங்காய்ப்பால் விடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது குருமா.

அத்தோவுக்காகப் பாரிமுனைக்குப் போனதைப் பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. பர்மா பஜார் பக்கம் மாலையில்தான் சூடு பிடிக்கும். மாலையில் அந்தப் பக்கம் ஓடுவது என்பது ஆட்டோவுக்கும் மீன்பாடி வண்டிக்கும் வழிவிடுவது. பாதி தூரம் நடைதான். ஆனால் அந்த அண்ணன் நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் கையாலேயே பிசைந்து தட்டில் வைத்து, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் ஊற்றினார். வீட்டில் கரண்டியால் கிளறினேன், வரவில்லை. கையால் பிசைந்தேன், ஓரளவு வந்தது. சூப் இன்னும் வசப்படவில்லை.

ஐப்பசியில் மழை வந்து இரண்டு வாரம் ஓட்டமே இல்லை. கார்த்திகையில் மறுபடி முதலிலிருந்து மூச்சு வாங்கியது.

மார்கழியில் காற்று மாறியது. அதே கால்கள், ஆனால் யாரோ முதுகில் இருந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. காந்தி சிலையிலிருந்து உழைப்பாளர் சிலை சுமார் இரண்டு கிலோமீட்டர், நடுவில் கண்ணகி. உழைப்பாளர் சிலையில் இருக்கும் நாலு பேரும் 1959-லிருந்து பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள், ஓர் அங்குலம் நகரவில்லை. எட்டாவது வாரத்தில் அவர்களைப் பார்த்தால் எரிச்சலாக இருந்தது, இப்போது சொந்தக்காரர்கள் மாதிரி. அவர்களைத் தாண்டி நேப்பியர் பாலத்தைத் தொட்டுத் திரும்பினால் வீட்டுக்குப் போக வர மொத்தம் பத்து கிலோமீட்டர். போன ஞாயிறு முடித்தேன், 1 மணி 17 நிமிடம். வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர் கடைசி கிலோமீட்டரில் என்னை முந்திப் போனார் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சர்க்கரை மறுபடி பார்த்தேன், 5.9. ஓட்டத்தாலா, இரவு எட்டு மணிச் சாப்பாட்டாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. திண்ணையின் உள்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறேன்.

இப்போது சனிக்கிழமை மாலை வடை போடுவது வழக்கமாகிவிட்டது. சிக்கல் என்னவென்றால், வடகறிக்குக் காய வேண்டிய வடை காய்வதற்குள் தீர்ந்துவிடுகிறது. எட்டு போட்டால் காலையில் மூன்றுதான் இருக்கும், கேட்டால் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. இந்த வாரம் பதினாறு போட்டிருக்கிறேன், எட்டை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.