மாப்பிள்ளையின் டிராக்டர்

மாமனார் மன்னார்குடியிலிருந்து பிரிஸ்பேன் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஷாப்பிங் மாலும் பூங்காவும் பார்த்துப் பார்த்து மனிதர் வாடிப்போயிருந்தார். சரி, நம்ம வண்டியின் வீரத்தைக் காட்டுவோம் என்று கிளம்பினேன்.

வண்டி என்றால் பழைய டொயோட்டா லேண்ட் குரூசர் ட்ரூப் கேரியர். ஆறு சிலிண்டர், 4.2 லிட்டர் டீசல், டர்போ கிடையாது. பின்னால் ஒரு சீட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கி, கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கியிருக்கிறது. கூரையைத் தூக்கிவிட்டால் உள்ளே நின்றுகொண்டே தோசை சுடலாம். சாமான் ஏற்றினால் மூன்று டன் இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கி நாலு மாதம்தான். அதற்குள் யூடியூப் பார்த்துப் பார்த்து ஃபோர் வீல் டிரைவில் நான் ஒரு பண்டிதன் ஆகியிருந்தேன்.

போகிற இடம் கரி தீவு. ஃபிரேசர் தீவு என்று இருந்ததை 2023-ல் பூர்வகுடியான பட்சுல்லா மக்கள் அதற்கு வைத்திருந்த பெயருக்கே மாற்றிவிட்டார்கள். அவர்கள் மொழியில் சொர்க்கம் என்று பொருள். “என்ன, கறித் தீவா?” என்று மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். உலகத்திலேயே பெரிய மணல் தீவு, 120 கிலோமீட்டருக்கு மேல் நீளம், தார் ரோடு கிடையாது என்று விளக்கினேன். கறி இல்லை என்றதும் அவருக்கு ஆர்வம் குறைந்துவிட்டது.

மூன்று மணி நேரப் பயணத்தில் என் பிரசங்கம் நிற்கவில்லை. கியருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லீவர். அதில் ஹெச் ஃபோர் என்றால் நாலு சக்கரமும் இழுக்கும், ஓடுகிற வேகத்தில் மணலைக் கடந்துவிடலாம். எல் ஃபோர் என்றால் வேகம் சுமார் இரண்டரை மடங்கு குறையும், இழுவை அதே அளவு கூடும், மாட்டிக்கொண்டால் மெதுவாக ஊர்ந்து வெளியே வரலாம். மாமா ஜன்னல் பக்கம் பார்த்தபடி “ம்” கொட்டிக்கொண்டு வந்தார். பின் சீட்டில் மனைவி தூங்கிவிட்டாள்.

இன்ஸ்கிப் முனையில்தான் தீவுக்குப் போகிற படகு. அது நேராக மணலில் வந்து முகத்தை வைக்கும், வண்டியை ஓட்டி ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால் இருக்கிற மணல் மாவு மாதிரி. டயர் காற்றை 40-லிருந்து 18-க்கு இறக்கினேன், லீவரை ஹெச் ஃபோருக்குத் தள்ளினேன், கெத்தாக இறங்கினேன். முப்பதடிகூடப் போகவில்லை. வண்டி ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிட்டது.

“கவலையே படாதீங்க மாமா, இதுக்குத்தான் எல் ஃபோர்.” வண்டி நின்றால்தான் அந்த கியர் விழும், நின்றுதானே இருக்கிறோம். போட்டேன். எஞ்சின் உறுமியது. பின் சக்கரங்கள் மணலை வாரி இறைத்தன. வண்டி முன்னால் போவதற்குப் பதில் கீழே போயிற்று. பின்னால் ஏழெட்டு வண்டி வரிசை கட்டிவிட்டது. ஒருத்தர் வண்டியிலிருந்து இறங்கி, கை கட்டி நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

மாமா கதவைத் திறந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். டெல்டாவில் முப்பது வருஷம் டிராக்டரில் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி சேற்று உழவு ஓட்டியவர்.

“மாப்பிள்ளை, இன்னொரு தடவ லேசா விடுங்க.” விட்டேன். குனிந்து உள்ளே பார்த்தார்.

“உள்ள கம்பி சுத்துது. சக்கரம் கல்லு மாதிரி நிக்குது. நாலும் இழுக்கும்னீங்களே?”

எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. இந்த மாடலில் முன் சக்கரத்தின் நடுவில் ஒரு திருகு இருக்கும். ஃப்ரீ என்று ஒரு பக்கம், லாக் என்று ஒரு பக்கம். ஃப்ரீயில் இருந்தால் லீவரை எங்கே தள்ளினாலும் இழுவை சக்கரத்துக்குப் போய்ச் சேராது. டீசல் மிச்சமாகட்டும் என்று ஹைவேக்காக ஃப்ரீயில் விட்டிருந்தேன். இந்தத் திருகைப் பற்றியும் நாலு வீடியோ பார்த்தவன்தான் நான்.

இரண்டு பக்கமும் லாக்குக்குத் திருகினேன். கையால் மணலைத் தோண்டினோம், கூரையில் கட்டியிருந்த ஆரஞ்சு பலகைகளைச் சக்கரத்துக்கு முன்னால் செருகினோம். எல் ஃபோரில் இரண்டாவது கியர். ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் விட்டதும், எருமை குளத்திலிருந்து எழுகிற மாதிரி வண்டி எழுந்து வந்தது. கை கட்டி நின்றவர் கை தட்டினார். எனக்கா மாமாவுக்கா, தெரியவில்லை.

அவமானத்தில் ஒரு தவறு நடந்தது. தீவில் இறங்கியும் எல் ஃபோரை எடுக்க மறந்துவிட்டேன். அங்கே கிழக்குக் கடற்கரைதான் ஹைவே, 80-ல் போகலாம், நடுநடுவே குட்டி விமானம்கூட அதே மணலில் இறங்கும். எங்கள் வண்டி நாற்பதைத் தாண்டினாலே அலறியது. எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். “எஞ்சின் ஏதோ சரியில்ல” என்று நான் முகத்தைச் சுளிக்க, “அந்தச் சின்ன லீவர் காலையில இங்கயா இருந்துச்சு?” என்றாள் மனைவி.

உள்காட்டுப் பாதையில் மெக்கென்சி ஏரிக்குப் போகும்போதுதான் எல் ஃபோர் என் மானத்தைக் காப்பாற்றியது. வேரும் பள்ளமுமாக இறக்கம். இரண்டாவது கியரில் விட்டால் பிரேக்கே தொட வேண்டாம், எஞ்சினே பிடித்துக்கொண்டு படிப்படியாக இறக்கிவிடுகிறது. உள்ளே அலமாரியிலிருந்து ஒரு டம்ளர்கூட விழவில்லை. ரசப்பொடி டப்பா மட்டும் விழுந்தது, அதை மூடாமல் வைத்தது நான்தானாம்.

மூன்றாம் நாள் ஊர் திரும்பும்போது பெட்ரோல் பங்கில் வளைத்துத் திருப்பினேன். டயர் க்ரீச் என்றது, வண்டி விக்கி விக்கி நகர்ந்தது. ஹெச் ஃபோரிலேயே தார் ரோட்டுக்கு வந்திருக்கிறேன். லீவரை இழுத்தால் வரவில்லை. இது எனக்குத் தெரிந்த பாடம்! திருப்பத்தில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடும். மணலில் சறுக்கிச் சரிசெய்துகொள்ளும், தாரில் சறுக்க வழியில்லாமல் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விடும். எடுத்தேன், லீவர் பொத்தென்று விழுந்தது.

பெருமையோடு மாமாவிடம் விளக்கலாம் என்று திரும்பினேன். அவர் ஊரில் இருக்கும் தம்பியோடு போனில் இருந்தார்.

“ஒண்ணுமில்லடா, இங்கயும் நம்ம டிராக்டர்தான். மாப்பிள்ளை உள்ள கட்டில் போட்டு வச்சிருக்கார்.”