மீனைப் புரட்டிப் பாருங்கள்: கிளிப்டோதொராக்ஸும் என் செய்முறைத் தேர்வும்

முதுநிலை விலங்கியல் செய்முறைத் தேர்வில், தட்டில் கிடந்த கெளுத்தியின் மீசைகளை எண்ணியதுமே 'மிஸ்டஸ்' என்ற கெளுத்திப் பேரினத்தின் பெயரை எழுதிவிட்டு அடுத்த ஸ்பாட்டருக்கு (அடையாளம் காண வைத்திருக்கும் மாதிரிக்கு) நகர்ந்தவன் நான். நான்கு இணை மீசைகள், முதுகுத் துடுப்பில் முள், அதற்குப் பின்னால் கொழுப்புத் துடுப்பு என்று நான் எழுதிய அடையாளங்கள் அனைத்தும் சரியே. பேரினம் மட்டும் தவறு; அது கிளிப்டோதொராக்ஸ். வைவா எனும் வாய்மொழித் தேர்வின்போது தேர்வாளர் எதுவும் சொல்லாமல் இடுக்கியால் மீனைப் புரட்டி வைத்தார். இரு மார்புத் துடுப்புகளுக்கும் நடுவே, நகத்தால் கீறியதுபோல், தோல் மடிப்புகள் நீளவாக்கில் வரிவரியாக ஓடின.

1860இல் விலங்கியலாளர் எட்வர்ட் பிளித் இட்ட கிளிப்டோதொராக்ஸ் என்ற பெயரின் கிரேக்கப் பொருளே 'செதுக்கிய மார்பு' என்பதுதான். ஆனால் பெயரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. ஏறக்குறைய அதே பொருள் தரும் கிளிப்டோஸ்டெர்னான் பேரினத்துக்கு மார்பில் பாறையைப் பற்ற உதவும் இந்த மடிப்புகளாலான ஒட்டுறுப்பே கிடையாது. இன்னொரு உறவான சூடெக்கினிஸில் மடிப்புகள் குறுக்குவாக்கில் அடுக்கடுக்காக இருக்கும். ஆகவே மடிப்பு உண்டா, உண்டெனில் எத்திசையில் ஓடுகிறது என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். மீசைக் கணக்கு பிறகு போதும்.

சிசோரிடே என்ற ஆசியக் கெளுத்திக் குடும்பத்தின் மிகப் பெரிய பேரினம் கிளிப்டோதொராக்ஸ். துருக்கி முதல் ஜாவா, போர்னியோ வரை நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவ்வளவு எழுதினால் பரவல் பற்றிய கேள்விக்குப் போதும். தகவமைப்புக் கேள்விதான் மதிப்பெண் தருவது. விரைந்தோடும் மலையாற்றில் பாறையைப் பற்றி நிற்க அம்மடிப்புகள் எப்படி உதவுகின்றன என்பதை, மேல்தோலிலுள்ள நுண்ணிய கெரட்டின் முனைகள் தரும் உராய்வையும், உறிஞ்சிப் பிடிப்பதாகச் சொல்லப்படும் விளக்கத்தையும் சேர்த்தே எழுதுங்கள். விலங்குப் புவியியலில் சுந்தர் லால் ஹோராவின் சாத்பூரா கருதுகோள் (இமயமலை மீன்கள் சாத்பூரா மலைத்தொடர் வழியாகத் தெற்கே பரவின என்பது) வந்தால், இமயமலையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழும் இந்தப் பேரினம் கைவசமுள்ள நல்ல எடுத்துக்காட்டு. 1873இல் மீனியலாளர் பிரான்சிஸ் டே விவரித்த, மேற்குத் தொடர்ச்சி மலை இனமான கிளிப்டோதொராக்ஸ் மெட்ராஸ்படானஸ் என்ற பெயரையும் சேர்க்கலாம்.

ஒரு சிறு குறிப்பு: பார்மலினில் கிடந்த மீனின் ஈரம் பளபளத்து மடிப்புகளை மறைத்துவிடும். ஆய்வகப் பயிற்சியில் பஞ்சால் ஒற்றி எடுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். தேர்வன்று மீனைத் தொடும் முன் அனுமதி கேட்டுவிடுங்கள். என்னைப் போலன்றிக் கேட்ட தோழிக்கு இடுக்கியை நீட்டியதே அந்தத் தேர்வாளர்தான்.