கத்திரி வெயிலும் ஒட்டாத கிளட்சும்

மே 4, 2024, சனி

இன்று கத்திரி தொடங்கியது. அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள். காலையில் ராணிப்பேட்டையிலிருந்து வேலூர் போகும்போது காரில் ஏசி ஜில்லென்று இருந்தது. மதியம் இரண்டு மணிக்குத் திரும்பும்போது வெறும் அனல். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் என்று டாக்டர் அளவு சொல்லியிருக்கிறார். தாகம் எடுத்தாலும் குடிக்க முடியாது. மேல்விஷாரம் வருவதற்குள் துண்டை இரண்டு முறை நனைத்து அவர் கழுத்தில் போட்டேன். "கண்ணாடியை இறக்குடா" என்றார். இறக்கினால் இன்னும் சூடு.

மே 5, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு பானட்டைத் திறந்து வைத்து ஏசி போட்டேன். 'டக்' என்று சத்தம், ஏசி கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் ஓடியது! அப்படியே ஓடவிட்டுக் காத்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து நின்றுவிட்டது. பெல்ட்டும் புல்லியும் சுற்றுகின்றன, புல்லிக்கு முன்னால் இருக்கும் கிளட்ச் தட்டு மட்டும் அசையவில்லை. காந்தம் அந்தத் தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைத்தால்தான் கம்ப்ரசர் சுற்றும். ஃப்யூஸ் நன்றாக இருந்தது. ரிலே என்பது கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச். ஹாரன் ரிலேவும் ஏசி ரிலேவும் ஒரே மாதிரி என்பதால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பலனில்லை.

மே 6, திங்கள்

ஏசி கடைக்குப் போனேன். காரைத் தொடுவதற்கு முன்பே கடைக்காரர், "கேஸ் இறங்கிடுச்சு சார், ஃபுல்லா போட்டுடலாம்" என்றார். "முதலில் பிரஷர் கேஜ் போட்டுப் பாருங்கண்ணே" என்று கேட்டேன். இன்ஜினை நிறுத்திய நிலையில் இரண்டு முள்ளும் 120 பிஎஸ்ஐ பக்கம் நின்றன. இந்த வெயிலில் ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ் அவ்வளவுதான் காட்ட வேண்டும். இதை வைத்து உள்ளே கேஸ் முழு அளவு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கேஸ் சுத்தமாக இறங்கி, பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரைத் தடுத்திருந்தால் முள் இந்த இடத்தில் நிற்காது. அவர் அப்போதும் கேஸ் என்றே சொன்னார். கேஜ் பார்த்ததற்குப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். ஆயிரக்கணக்கில் செலவு செய்து கேஸ் போட்டிருந்தால், மறுநாள் காலையில் ஏசி ஓடியிருக்கும், நானும் சரியாகிவிட்டது என்று நம்பியிருப்பேன். அதை நினைத்தால்தான் கோபம் வருகிறது.

மே 7, செவ்வாய்

டயாலிசிஸ். மறுபடியும் ஈரத்துண்டு. அப்பா வழியெல்லாம் கண்ணை மூடியே வந்தார்.

மாலையில் உட்கார்ந்துவிட்டேன். இன்ஜின் நன்றாகச் சூடாகி கம்ப்ரசர் நின்றபிறகு, அதற்கு வரும் ஒயரில் மல்டிமீட்டரை வைத்தேன். 13.6 வோல்ட். கரண்ட் வருகிறது! அப்படியானால் சுவிட்ச், ரிலே, ஒயரிங், சென்சார் எதிலும் குறை இல்லை. கோளாறு கிளட்சில்தான். இன்ஜினை நிறுத்தி, கனெக்டரைக் கழற்றி, கிளட்ச் காந்தத்தின் கம்பிச் சுருளான காயிலை அளந்தேன்: 4.6 ஓம். இரவு முழுக்க ஆறவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

மே 8, புதன்

ஆறிய காயில் 3.6 ஓம் காட்டியது. செப்புக் கம்பி சூடானால் ஓம் ஏறும், அது இயல்புதான். ஓம் ஏறினால் கரண்ட் குறையும், கரண்ட் குறைந்தால் காந்தத்தின் பலம் குறையும். பலம் குறைந்தாலும் தட்டு பக்கத்திலேயே இருந்தால் இழுத்துவிடும். எட்டி இருந்தால்? இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே விட்டுப் பார்த்தேன். 0.9 மி.மீ. பொதுவாக 0.3-லிருந்து 0.6-க்குள் இருக்க வேண்டும். இத்தனை வருடம் ஒட்டி ஒட்டி விலகியதில் தட்டு தேய்ந்து இடைவெளி பெரிதாகிவிட்டது. காலையில் ஓடி மதியம் நின்ற மர்மம் இவ்வளவுதான். எனக்கு இரவு தூக்கமே வரவில்லை, அத்தனை சந்தோஷம்.

மே 9, வியாழன்

தெரிந்த கார் மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் இன்ஜினைச் சூடாக்கி, கம்ப்ரசர் நின்றதும் நீளமான மரக்கட்டையால் தட்டை லேசாகத் தள்ளினார். 'டக்' என்று ஒட்டிக்கொண்டது, உள்ளே குளிர் வந்தது. (ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் பழகாத கை போகவே கூடாது.) அப்புறம் வண்டியை நிறுத்தி, நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை எடுத்தார். உள்ளே மோதிரம் போல, தட்டைப் புல்லியிலிருந்து தள்ளி நிறுத்தும் இரண்டு மெல்லிய ஷிம் வாஷர்கள். அரை மில்லி கனத்தில் இருந்ததை எடுத்துவிட்டு மற்றதோடு மாட்டினார். இடைவெளி இப்போது 0.4. ஏசி போடாமல் புல்லியைக் கையால் சுற்றித் தட்டில் உரசவில்லை என்று பார்த்துக்கொண்டோம். உரசினால் சூடேறிக் காயிலே எரிந்துவிடும். புதுப் பொருள் எதுவும் வாங்கவில்லை.

மே 11, சனி

மதியம் இரண்டேகாலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினோம். ஆற்காடு சிக்னலில் நின்றபோதும் குளிர் குறையவில்லை. நனைத்து எடுத்துப்போன துண்டை டேஷ்போர்டு மேலேயே வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. ராணிப்பேட்டை நெருங்கும்போது அப்பா, "கொஞ்சம் குறைச்சு வைடா, குளுருது" என்றார். குறைத்து வைத்தேன்.